இறுவட்டும் இயந்திரத்தின் முறைப்பாடும்

இயந்திரங்கள் பேசா என்பது முன்னோர் கொண்டிருந்த எண்ணம். இக்காலத்து இயந்திரங்களோ ஓயாது பேசுகின்றன. அவை பேசுவதைச் செவிமடுப்போர்தாம் அரியர். கணினியின் செலுத்திக்குள் ஓர் இறுவட்டினை இட்டதும், அது சில கணங்கள் சுழன்று, முனகி, நின்று, ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ என்னும் பொருள்பட ஒரு வாசகத்தைத் திரையிற் காட்டுமாயின், பெரும்பாலோர் செய்வது யாது? வட்டினை எடுத்து, உடுத்த ஆடையிலே துடைத்து, மீண்டும் இட்டுப் பார்க்கின்றனர். இரண்டாம் முறையும் அதே வாசகம் தோன்றினால், ‘வட்டுக் கெட்டுவிட்டது’ என்று தீர்ப்புக் கூறி, அதனைக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். இத் தீர்ப்புப் பல வேளைகளிலே பிழையானது. சரியான தீர்ப்புக்கு வேண்டிய சாட்சியத்தைக் கணினி தன் பதிவேட்டிலே எழுதி வைத்திருக்கவும், அதனை வாசியாமலே வழக்கு முடிக்கப்பட்டுவிடுகிறது.

இதிலே இழப்பு வட்டின் விலையன்று. 1990களின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், இல்லங்களின் நினைவுகள் இவ்வட்டுக்களிலேயே எழுதப்பட்டன. திருமணப் படங்கள், மறைந்துபோன பாட்டனாரின் குரல், பாடசாலை மலரின் மூலப்பிரதி, சங்கமொன்றின் கணக்குகள் என்பன ஒரே ஒரு வட்டில் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகள் பல. இன்று விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இறுவட்டுச் செலுத்தியே இல்லை. வட்டினை வாசிக்கும் வாய்ப்பு ஆண்டுதோறும் குறைந்து வருகின்ற இக்காலத்தில், நலமாயிருக்கும் வட்டினைக் கெட்டதென்று எறிவது, உயிருள்ளவருக்கு ஈமக்கடன் செய்வதை ஒக்கும்.

லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை இவ்விடயத்திலே பேருதவி புரிவது. 1991 ஆம் ஆண்டிற் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வல்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கிய இம்முறைமை, செலுத்தி சொல்வதை மறைத்து வைப்பதில்லை. ஏறக்குறைய அதன் சொற்களிலேயே பதிந்து வைக்கிறது. அச் சொற்களின் பொருளறிந்தவர், நோயாளியின் வாய்மொழியைக் கேட்டறிந்த வைத்தியரைப் போன்றவர். குற்றம் வட்டினதா, செலுத்தியினதா, இரண்டையும் கணினியோடு இணைக்கும் வடத்தினதா, அன்றிக் கேட்டவர் கேட்ட முறையினதா என்று அவர் பிரித்தறிதல் கூடும்.

இப்பிரிவினை விளங்குவதற்கு, வட்டிலே எழுத்து எவ்வாறு இருக்கிறதென்பதைச் சிறிது அறிதல் வேண்டும். 1982 ஆம் ஆண்டிலே பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாற் சந்தைக்கு வந்த இறுவட்டு, 120 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடைய பொலிகாபனேற்றுத் தகடாகும். அதன் உட்பக்கத்திலே தொடங்கி வெளியோரத்தை நோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே தடத்தில் நுண்ணிய குழிகள் அமைந்துள்ளன. தடத்தின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலுள்ள தூரம் 1.6 மைக்ரோமீற்றர் மாத்திரமே. அத்தடத்தை நீட்டி வைத்தால் ஐந்து கிலோமீற்றருக்கும் அதிகமாகும். 780 நனோமீற்றர் அலைநீளமுடைய லேசர்க் கதிர், கீழிருந்து தகட்டினூடே சென்று, அக்குழிகளின் மேற் பட்டுத் திரும்பி வந்து செய்தி சொல்கிறது. பின்னர் வந்த டி.வி.டி. வட்டிலே தட இடைவெளி 0.74 மைக்ரோமீற்றராகவும் அலைநீளம் 650 நனோமீற்றராகவும் குறைந்தன. புளூ-ரே வட்டிலே அவை முறையே 0.32 மைக்ரோமீற்றரும் 405 நனோமீற்றரும் ஆயின.

இத்துணை நுண்ணிய எழுத்தைப் பிழையின்றி வாசித்தல் எந்தச் செலுத்திக்கும் இயலாது. தூசியும் கீறலும் இல்லாத புது வட்டிலேயும் வாசிப்புப் பிழைகள் நிகழ்ந்தவண்ணமே இருக்கும். அவற்றைத் திருத்துவதற்கு, 1960 ஆம் ஆண்டில் இர்விங் றீட், கஸ்டாவ் சொலமன் ஆகிய இரு கணித அறிஞர்கள் வெளியிட்ட முறை பயன்படுகிறது. செல்லரித்த ஏட்டிலே ஓரெழுத்து மறைந்திருந்தால், சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் சீரையும் தளையையும் எதுகையையும் கொண்டு அவ்வெழுத்து இன்னதென்று துணிந்தனர் அல்லவா? செய்யுளிலே யாப்பு எவ்வாறு மறைந்த எழுத்துக்குச் சாட்சியாகிறதோ, அவ்வாறே வட்டிலும் உண்மைத் தரவுகளோடு திருத்தத்துக்குரிய மேலதிக இலக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அடுத்தடுத்துள்ள தரவுகள் ஒரே இடத்தில் வைக்கப்படாமல் தடம் நெடுகச் சிதறி வைக்கப்படுவதால், சிறு கீறலொன்று ஒரு சொல்லை முழுதாக விழுங்காமற் பல சொற்களிலிருந்து ஒவ்வோர் எழுத்தையே கவர்கிறது.

இசைத் தட்டுக்கு இது போதுமானது. கணினித் தரவுக்கு இன்னுமோர் அரண் வேண்டப்பட்டது. தரவு வட்டின் ஒவ்வொரு பகுதியும் 2352 பைற்றுக்களைக் கொண்டது. அதில் 2048 பைற்றுக்களே பயனாளரின் தரவு. எஞ்சியவற்றுள் 4 பைற்றுக்கள் பிழையைக் கண்டறியவும், 276 பைற்றுக்கள் பிழையைத் திருத்தவும் உரியன. எனவே, ‘வாசிக்க முடியவில்லை’ என்று செலுத்தி ஒருமுறை சொல்லுமாயின், அது எல்லா அரண்களும் வீழ்ந்த பின்னரே சொல்கிறது. நேற்று வரை நன்றாயிருந்த வட்டு இன்று திடீரெனப் பழுதடைந்தது போலத் தோன்றுவதற்குக் காரணமும் இதுவே. பிழைகள் நெடுங்காலம் பெருகி வந்தன; திருத்தும் வலிமை அவற்றை மறைத்து வந்தது; எல்லை கடந்த அன்றே அவை வெளிப்பட்டன. அந்த எல்லையை மிகச் சிறிதே கடந்த வட்டு, துடைத்தாலும், வேறு செலுத்தியில் இட்டாலும், மெல்லச் சுழற்றினாலும், மீண்டும் எல்லைக்குட்பட்டு வாசிக்கப்படலாம். நம்பிக்கைக்கு இடமளிப்பது இவ்வுண்மையே.

இனி, முறைப்பாடு செல்லும் வழியை நோக்குவோர் ஓர் உண்மையை உணர்வர். படத்தைத் திறக்கும் மென்பொருள் கோப்பு முறைமையைக் கேட்கிறது. கோப்பு முறைமை லினக்ஸின் கருவைக் கேட்கிறது. கரு வடத்தின் வழியே செலுத்தியைக் கேட்கிறது. செலுத்தி வட்டினை வாசிக்கிறது. விடையும் அதே வழியாகத் திரும்புகிறது. ஒரு கிராமத்துச் செய்தி நால்வர் வாய் மாறிப் பட்டினத்துக்கு வரும்போது எவ்வளவு சுருங்கிவிடுமோ, அவ்வளவு சுருங்கியே பிழைச்செய்தியும் திரைக்கு வருகிறது. ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ என்பது நான்காம் வாயிற் பிறந்த சொல். முதல் வாயிற் பிறந்த சொல்லைக் கேட்க வேண்டுமாயின், கருவின் பதிவேட்டைத் திறத்தல் வேண்டும்.

அப்பதிவேட்டைத் திறக்கும் கட்டளை டி, எம், இ, எஸ், ஜி என்னும் ஐந்து ஆங்கில எழுத்துக்களால் ஆனது. முனையச் சாளரத்தில் இவற்றைத் தட்டினால், கணினி இயங்கத் தொடங்கியது முதல் கரு எழுதியன யாவும் வரிசையாகத் தோன்றும். சில பதிப்புக்களில் இதற்கு நிருவாகியின் அதிகாரம் வேண்டும். வட்டினை இட்டுப் பிழை தோன்றிய உடனேயே இதனைப் பார்த்தால், இறுதியிலுள்ள வரிகளே வேண்டியனவாக இருக்கும். அவற்றிலே எஸ், ஆர் என்னும் ஈரெழுத்தும் பூச்சியமும் சேர்ந்த பெயர் காணப்படும். அதுவே லினக்ஸ் முதலாவது இறுவட்டுச் செலுத்திக்கு இட்ட பெயர். பழைய கணினிகளிலே இது எச், டி, சி போன்ற எழுத்துக்களாற் குறிக்கப்பட்டது. அப்பழைய பிரிவு 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த 5.14 ஆம் பதிப்போடு கருவிலிருந்து நீக்கப்பட்டது.

பதிவேட்டிலே முதலில் தேடவேண்டியது ‘சென்ஸ் கீ’ என்னும் சொற்றொடர். செலுத்தி தான் தோல்வியுற்ற காரணத்தை ஒரு பெருவகையாலும், அதனைத் தொடரும் ஒரு நுண்விளக்கத்தாலும் கூறுகிறது. பெருவகை சென்ஸ் கீ எனப்படும். நுண்விளக்கம் அதற்கடுத்த வரியில் ‘அட் சென்ஸ்’ என்னும் தலைப்போடு வரும். பெருவகைகளிலே ஐந்தினை அறிந்தாற் போதும்.

முதலாவது ‘நொட் ரெடி’. ஆயத்தமில்லை என்பது பொருள். இதனோடு ‘மீடியம் நொட் பிரசென்ற்’ என்று வந்தால், செலுத்தி தன்னுள்ளே வட்டு இருப்பதாகவே உணரவில்லை. தட்டு வெறுமையாயிருக்கும்போது இது குற்றமன்று. வட்டு உள்ளே இருக்கவும் இவ்வாறு சொல்லுமாயின், வட்டுத் தலைகீழாக இடப்பட்டிருக்கலாம். லேசரின் வில்லையிலே தூசி படிந்திருக்கலாம். அல்லது லேசர் தளர்ந்திருக்கலாம். வட்டினை இட்ட சில நொடிகளுக்குள் ‘ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது’ என்னும் பொருளில் வரும் வாசகம் காத்திருக்கச் சொல்லும் வேண்டுகோளேயன்றி வேறில்லை.

இரண்டாவது ‘மீடியம் எரர்’. வட்டின் மேற்பரப்பை வாசிக்க இயலவில்லை என்பதே இதன் பொருள். ‘அன்றிக்கவர்ட் றீட் எரர்’ என்றோ, ‘எல்-ஈ-சி அன்கரெக்டபிள் எரர்’ என்றோ நுண்விளக்கம் தொடரும். பின்னது, மேற்கூறிய 276 பைற்று அரணும் வீழ்ந்ததென்னும் அறிவிப்பு. மூன்றாவது ‘ஹார்ட்வெயர் எரர்’. செலுத்தி தன் உடல்நலக் குறைவைத் தானே ஒப்புக்கொள்வது. நான்காவது ‘இல்லீகல் ரிக்குவெஸ்ற்’. வட்டும் செலுத்தியும் நலமாயிருக்க, கேட்கத்தகாததைக் கணினி கேட்டுவிட்டது என்பது. ஐந்தாவது ‘யூனிற் அற்றென்ஷன்’. வட்டு மாற்றப்பட்டிருக்கலாம் என்னும் அறிவிப்பு. இது பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாதது.

இரண்டாவதற்கும் நான்காவதற்கும் உள்ள வேறுபாடு வட்டின் உயிரையே தீர்மானிக்கத்தக்கது. திரையிலே இரண்டும் ஒரே ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’யாகத் தோன்றலாம். ஒன்று நோய், மற்றது கேள்வியின் குற்றம்.

கேள்வியின் குற்றத்துக்கு எளிய உதாரணம் இசை வட்டு. இசை வட்டிலே கோப்புக்கள் இல்லை, தடங்களே உண்டு. அதனைத் தரவு வட்டென்று எண்ணி ஏற்ற முயன்றால், ‘இல்லீகல் மோட் ஃபோர் திஸ் ட்ராக்’ என்னும் நுண்விளக்கத்தோடு பிழைகள் வரிசை வரிசையாகப் பதிவேட்டை நிரப்பும். இசை இயக்கும் மென்பொருளாலே திறந்தால் அதே வட்டு இனிது பாடும்.

திரைப்பட டி.வி.டி.யிலே இன்னொரு வகை உண்டு. உலகத்தை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்துக்கு விற்ற வட்டினை வேறு வலயத்துச் செலுத்தி வாசியாதவாறு தடுக்கும் ஏற்பாடு அது. இலங்கையும் இந்தியாவும் 5 ஆம் வலயத்தைச் சேர்ந்தவை; ஐரோப்பா 2, கனடா 1, அவுஸ்திரேலியா 4. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் உறவினர் கடையில் வாங்கி அனுப்பிய படவட்டு யாழ்ப்பாணத்திலே ஓட மறுத்தால், பதிவேட்டில் ‘மீடியா றீஜியன் கோட்’ என்னும் சொற்கள் உள்ளனவா என்று முதலிற் பார்த்தல் தகும். செலுத்தியின் வலயத்தை மாற்றும் ‘றீஜியன்செற்’ என்னும் சிறு மென்பொருள் லினக்ஸில் உண்டு. ஆயினும், மாற்றத்துக்குச் செலுத்தி ஐந்து முறைகளே இடமளிக்கும். அதன்பின் கடைசியாக வைத்த வலயம் நிலைத்துவிடும். ஆகையால், விளையாட்டாக மாற்றிப் பார்ப்பது தகாது.

எல்லாவற்றினும் அதிகமான வட்டுக்களை அநியாயமாகக் குப்பைக்கு அனுப்பிய பொய்முறைப்பாடு மற்றொன்று உண்டு. வீட்டிலே எழுதப்படும் இறுவட்டுக்களிற் பல, தடம் தடமாக எழுதும் முறையில் எழுதப்பட்டவை. அம்முறையிலே லேசர் எழுதி ஓயும் இடத்தில், தரவு முடிந்த பின்னர், பயனற்ற இரண்டு பகுதிகள் எஞ்சி நிற்கும். அவை வாசிப்பதற்கென எழுதப்பட்டவையல்ல. லினக்ஸின் கருவோ, விரைவு கருதிக் கேட்கப்பட்டதற்கும் சற்று அப்பால் முன்கூட்டியே வாசிக்கும் இயல்புடையது. கோப்பின் இறுதிப் பகுதியைக் கேட்டபோது அது அப்பயனற்ற பகுதிகளையும் வாசிக்க முயன்று, தோற்று, பிழையென்று அறிவிக்கிறது. முழு வட்டினையும் படியெடுக்கும்போது, இறுதிக் கணத்திலே பிழை வந்து நிற்கும் புதிர் இதுவே. தரவு ஓர் எழுத்தேனும் குறையாமல் இருக்க, உடையவர் வட்டுக் கெட்டதென்று மனம் வருந்துகிறார்.

இது பொய்முறைப்பாடுதானா என்பதை அறிய ஒரு கணக்கு உண்டு. பிழைவரியிலே ‘செக்டர்’ என்னும் சொல்லுக்குப் பின் ஓர் எண் காணப்படும். லினக்ஸின் கரு ஒரு செக்டரை 512 பைற்றுக்களாகக் கணக்கிடுகிறது; வட்டின் ஒரு பகுதியோ 2048 பைற்று. எனவே, அவ்வெண்ணை நான்கால் வகுத்தால் வட்டிலுள்ள பகுதியின் எண் கிடைக்கும். அடுத்து, ‘ஐ-எஸ்-ஓ-சைஸ்’ என்னும் கட்டளையை எக்ஸ் என்னும் தெரிவோடு இயக்கினால், அவ்வட்டின் கோப்பு முறைமை எத்தனை பகுதிகளைக் கொண்டதென்று அது கூறும். பிழை நிகழ்ந்த பகுதி அவ்வெண்ணிக்கைக்குச் சமமாகவோ அதற்கு அப்பாலோ இருக்குமாயின், தரவுக்கு யாதொரு தீங்கும் இல்லை. ‘டி-டி’ எனும் படியெடுக்கும் கட்டளைக்குப் பகுதியின் அளவு 2048 என்றும், எண்ணிக்கை இன்னதென்றும் வரையறுத்துக் கொடுத்தால், படி முறையாக நிறைவேறும்.

அதே கணக்கு, மெய்யான நோயின் இடத்தைக் காட்டவும் உதவும். பதிவேட்டிலே 120,000 என்னும் செக்டர் காணப்படுவதாகக் கொள்ளலாம். நான்கால் வகுக்க 30,000 ஆகும். வட்டிலே ஒரு நொடிக்கு 75 பகுதிகள். எனவே அவ்விடம் தொடக்கத்திலிருந்து 400 நொடி, அதாவது 6 நிமிடம் 40 நொடி. 74 நிமிட வட்டிலே மொத்தம் 333,000 பகுதிகள் இருப்பதால், பழுது பத்தில் ஒரு பங்கையும் கடவாத இடத்தில், மையத்திலிருந்து ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ளது. வட்டினைச் சாய்த்து வெளிச்சத்திற் பிடித்து அவ்விடத்தை நோக்கினால், கைரேகையோ கீறலோ கண்ணிற் படலாம். பிழையெண்கள் யாவும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால், நோய் ஓரிடத்துக் காயம். வெளியோரத்தை அண்டியே பெருகினால், கைபட்ட அழுக்கோ வட்டின் வளைவோ காரணமாகலாம். ஒவ்வொரு முயற்சியிலும் எண்கள் மாறி மாறி வந்தால், வட்டினைவிடச் செலுத்தியையே ஐயுறல் வேண்டும்.

செலுத்தியை ஐயுறுவோர்க்கு எளிய பரீட்சை உண்டு. தொழிற்சாலையில் அச்சிடப்பட்ட இறுவட்டு, வீட்டிலே எழுதப்பட்ட இறுவட்டு, டி.வி.டி. ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்ப்பதே அது. மூன்றும் வாசிக்கப்படாவிடின் குற்றம் செலுத்தியின்மேல். டி.வி.டி. வாசிக்கப்பட்டு, இறுவட்டுக்கள் யாவும் மறுக்கப்பட்டால், 780 நனோமீற்றர் லேசர் மட்டும் தளர்ந்ததென்று ஊகிக்கலாம். இரண்டுக்கும் வெவ்வேறு லேசர்கள் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். அச்சிட்டது வாசிக்கப்பட்டு எழுதியது மட்டும் மறுக்கப்பட்டால், எழுதிய வட்டின் சாயம் மங்கியிருக்கலாம். எழுதும் வட்டிலே குழிகளுக்குப் பதிலாக லேசரால் மாற்றமடையும் சாயமே உள்ளது. வெயிலும் வெப்பமும் ஈரக்காற்றும் அதற்குப் பகை. கடலோர ஊர்களிலே சாளரத்தருகே வைக்கப்பட்ட வட்டு விரைவிற் கெடுவதற்குக் காரணம் இதுவே.

செலுத்தியின் பெயரே வராமல், ஏ, டி, ஏ என்னும் எழுத்துக்களோடு ஓர் எண் சேர்ந்து தொடங்கும் வரிகள் பதிவேட்டில் நிறைந்திருந்தால் ஆராய்ச்சி வேறு திசையிற் செல்ல வேண்டும். ‘ஹார்ட் றீசெற்றிங் லிங்க்’, ‘லிங்க் இஸ் ஸ்லோ ரு றெஸ்பொண்ட்’ என்பன போன்ற வாசகங்கள் கணினிக்கும் செலுத்திக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்து அறுந்து இணைவதைக் குறிப்பன. மின்னை நிறுத்தி, வடத்தின் இரு முனைகளையும் கழற்றி உறுதியாகச் செருகுதலும், பின் வேறு வடத்தை மாற்றுதலும், செலுத்திக்குப் போதிய மின் செல்கிறதா என்று பார்த்தலும் தக்க மருந்தாம். யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் வெளிச் செலுத்திகளில் மின்பற்றாமையே முதற் குற்றவாளி. வட்டுச் சுழலத் தொடங்கும் வேளையில் மின்தேவை உயர்வதால், அக்கணத்தில் செலுத்தி மயங்கி விழுந்து மீண்டும் எழும். கணினியிலேயே நேரே இணைத்தலும், தனி மின்வழங்கியுடைய இணைப்பியைப் பயன்படுத்தலும் இதனைத் தீர்க்கும்.

சில முறைப்பாடுகள் வன்பொருளையே சாரா. ‘பெர்மிஷன் டினைட்’ என்பது உரிமை மறுப்பு. டெபியன், உபுண்டு முதலிய பதிப்புக்களிலே பயனாளரை ‘சி.டி.-றொம்’ என்னும் குழுவிற் சேர்த்து, மீண்டும் உட்புகச் செய்தால் அது நீங்கும். ‘றோங் எஃப்.எஸ். ரைப்’ எனத் தொடங்கும் நீண்ட வாசகம், வட்டிலுள்ள கோப்பு முறைமை இன்னதென்று அறிய முடியவில்லை என்பதைக் குறிக்கும். வட்டு வெறுமையாயிருக்கலாம், இசை வட்டாயிருக்கலாம், எழுதி முடிக்கப்படாமல் இடையில் விடப்பட்டிருக்கலாம். கோப்பு முறைமையின் விவரங்கள் 16 ஆம் பகுதியிலிருந்தே தொடங்குவதால், அவ்வோரிடம் பழுதுற்றாலும் இதே வாசகம் வரும். வட்டினை ஏற்றியதும் ‘எழுத முடியாதவாறு ஏற்றப்பட்டது’ என்று வரும் எச்சரிக்கையோ, அச்சத்துக்குரியதே அன்று.

தட்டு வெளியே வர மறுப்பதும் பலரைக் கலங்கச் செய்வது. வட்டு ஏற்றப்பட்டிருக்கும்வரை லினக்ஸ் கதவைப் பூட்டியே வைத்திருக்கும். ‘ரார்கெற் இஸ் பிஸி’ என்று வந்தால், ஏதோவொரு மென்பொருள் வட்டிலுள்ள கோப்பினை இன்னும் பிடித்திருக்கிறது. பல வேளைகளிலே, முனையச் சாளரமொன்று அக்கோப்புறைக்குள் நிற்பதே காரணமாயிருக்கும். அதைவிட்டு வெளியே வந்து, வட்டினை இறக்கி, ‘இஜெக்ட்’ என்னும் கட்டளையை இட்டால் கதவு திறக்கும். அதற்கும் இணங்காவிடின், கணினியின் மின்னை முற்றாக நிறுத்தியபின், செலுத்தியின் முகப்பிலுள்ள சிறு துளையிலே நிமிர்த்திய காகிதக் கவ்வியைச் செலுத்தி மெல்ல அழுத்தலாம். கத்தியாற் கதவை நெம்புவோர் வட்டினையும் செலுத்தியையும் ஒருங்கே இழப்பர்.

மெய்யான ‘மீடியம் எரர்’ என்று உறுதியான பின்னர்ச் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, வட்டினைக் கழுவுதல். சுத்தமான நீராலே தூசியை நீக்கி, தேவையாயிற் சிறிதளவு மென்மையான சவர்க்கார நீரைப் பயன்படுத்தி, நாரற்ற மென்துணியாலே துடைத்தல் வேண்டும். துடைக்கும் திசையே இங்கு முக்கியம். மையத்திலிருந்து வெளியோரத்துக்கு நேராகத் துடைத்தல் வேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. நேர்க் கீறல் தடத்தைக் குறுக்கே வெட்டுவதால் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துண்டே மறையும். அதனைத் திருத்தும் முறை தாங்கும். தடத்தின் வழியே செல்லும் வட்டக் கீறலோ தொடர்ந்து பல சொற்களை அழித்துவிடும். இறுவட்டின் எழுத்து, பெயரெழுதும் மேற்பக்கத்தை ஒட்டியே உள்ளது. ஆகையால், பளபளக்கும் அடிப்பக்கத்தைக் காட்டிலும் மேற்பக்கத்துக் கீறலே கொடியது. டி.வி.டி.யிலே எழுத்து இரு தகடுகளுக்கு நடுவே பாதுகாப்பாக உள்ளது.

இரண்டாவது, வேகத்தைக் குறைத்தல். ‘இஜெக்ட்’ கட்டளையோடு எக்ஸ் என்னும் தெரிவையும் 4 என்னும் எண்ணையும் கொடுத்தால், செலுத்தி நான்கு மடங்கு வேகத்துக்குத் தணியும். செலுத்தி இணங்குமாயின் பயன் பெரிது. 52 மடங்கு வேகத்திலே வட்டு நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கள் அளவிற் சுழலும். வளைந்த வட்டு அவ்வேகத்தில் நடுங்குவது இயல்பே. மூன்றாவது, வேறு செலுத்தியில் முயலுதல். ஒரு செலுத்தி கைவிட்டதை மற்றொன்று வாசித்துவிடுவது பெரிதும் காணப்படுவது.

நான்காவது, ‘டி-டி-றெஸ்கியூ’ என்னும் மீட்பு மென்பொருள். சாதாரணப் படியெடுப்பு முதற் பிழையிலேயே நின்றுவிடும். இம்மென்பொருளோ, முதற்சுற்றிலே எளிதாக வாசிக்கத்தக்க பகுதிகளையெல்லாம் விரைந்து சேகரித்து, கடினமானவற்றைத் தாண்டிச் சென்று, பின்னர்த் திரும்பி வந்து அவற்றோடு போராடும். நோயாளி களைத்துப்போவதற்குள் முக்கியமானவற்றைக் கேட்டுக்கொள்ளும் விவேகம் இது. வட்டினுக்கு இதனை இயக்குவோர் பகுதியின் அளவு 2048 என்று குறிப்பிடல் வேண்டும். எவையெவை மீட்கப்பட்டன, எவை எஞ்சின என்பதை அது ஒரு வரைபடக் கோப்பிலே எழுதி வைக்கும். அக்கோப்பே அதன் சிறப்பு. அதனை வைத்துக்கொண்டு, வட்டினை மற்றொரு கணினிக்கு எடுத்துச் சென்றால், எஞ்சிய பகுதிகளை மட்டும் அங்கே தொடர்ந்து மீட்கலாம். ஒரே வட்டின் இரு பிரதிகள் இரண்டு வீடுகளிலே வெவ்வேறிடத்தில் பழுதுற்றுக் கிடந்தால், ஒன்றில் இழந்ததை மற்றொன்றிலிருந்து நிரப்பி முழுமையாக்கலும் கூடும். ஆயினும், அவ்விரண்டும் உள்ளபடியே ஒன்றாயிருத்தல் வேண்டும். இவ்வாறு கிடைத்த படிவக் கோப்பினை மெய்யான வட்டினைப் போன்றே ஏற்றி, உள்ளிருப்பவற்றைப் பார்க்கலாம்.

வட்டிலே எழுதும்போது தோன்றும் பிழைகளைப் பற்றியும் ஒரு சொல். ‘பவர் கலிபிரேஷன் ஏரியா எரர்’ என்பது, வெற்று வட்டின் சாயத்துக்கு ஏற்ற லேசர் வலிமையைச் செலுத்தி கண்டறிய முடியாமற் போனதைக் குறிக்கும். மென்பொருளை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் இது தீராது. வேறு தயாரிப்பைச் சேர்ந்த வட்டினைப் பயன்படுத்தலோ, குறைந்த வேகத்தில் எழுதலோ உதவும். தடம் தடமாக எழுதாமல் ஒரே வீச்சில் முழு வட்டினையும் எழுதும் முறையைத் தெரிந்துகொண்டால், மேற்கூறிய பொய்முறைப்பாட்டுக்கும் இடமிராது. எழுதி முடிந்ததும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நல்ல வழக்கம்.

மீட்கப்பட்ட தரவினை மீண்டும் ஒரே வட்டிலே எழுதி, அதே அலுமாரியில் வைத்துவிட்டு நிம்மதி அடைதல் அறிவுடைமையாகாது. இரு வெவ்வேறு வகைச் சாதனங்களில், இரு வெவ்வேறு இடங்களில் பிரதி இருத்தல் வேண்டும். ஏட்டுச்சுவடிகளை நம் முன்னோர் காலந்தோறும் படியெடுத்து வந்தமையாலேயே பழைய நூல்கள் பல எஞ்சின. படியெடாதவை ஏட்டோடு மடிந்தன. வட்டும் ஏட்டினைப் போன்றதே. அலுமாரியிலே பல்லாண்டு கிடந்த வட்டுக்களை இப்பொழுதே எடுத்து, ஒவ்வொன்றாக வாசித்து, முறைப்பாடு எழுந்தால் அதனைச் செவிசாய்த்துக் கேட்டு, இயன்றதை மீட்டுக்கொள்வோர், வருங்காலச் சந்ததியினரின் நன்றிக்கு உரியவராவர். இயந்திரம் உண்மையைச் சொல்லியே இருக்கிறது. அதனை இறுதிவரை கேட்டபின் தீர்ப்பளிப்பதே முறை.